கொக்குக்கு மஞ்சள் சாக்ஸ் போடலாமா?

ஏரிக்கரை டீச்சர்:
மாதம் ஒரு ஞாயிறு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப் போகிறேன். வெள்ளையாக நின்றால் அவர்களுக்கு எல்லாமே ஒரே கொக்குதான். புகைப்பட அட்டைகள் காட்டியும் பலனில்லை. போன மாதம் கடுப்பில் நானே வரைந்தேன். சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதத்தில் மட்டும் வாத்துக்கால் அகலத்துக்கு மஞ்சள் சாக்ஸ். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு, அதாவது அலகு பிளக்கும் கோடு, கண்ணையும் தாண்டிப் பிடரிவரை. உண்ணிக்கொக்குக்குக் கழுத்தே கிடையாது. அடுத்த முறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், சாக்ஸ் போட்டது!" என்று கத்தினான். சரியாகத்தான் சொன்னான். எங்கள் ஓவிய ஆசிரியரோ, பொய்ப்படம் பார்த்துப் பழகினால் நிஜப் பறவை மனதில் நிற்காது என்கிறார். அப்படியா?

கோணல்கோடு:
டீச்சர், கேலிச்சித்திரம் போடுகிற எங்களுக்கு இதுதான் பிழைப்பு. எல்லோருக்கும் இருப்பதைத் தொடமாட்டோம், அந்த ஆளுக்கு மட்டும் இருப்பதை இழுப்போம். 1987இல் உளவியலாளர் கிலியன் ரோட்ஸ் குழுவினர் தெரிந்த முகங்களின் கோட்டுப்படங்களை வைத்துச் சோதித்தார்கள். உள்ளபடி வரைந்ததைவிட மிகைப்படுத்திய படத்தைத்தான் பார்த்தவர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள்.

பழைய பைனாகுலர்:
ஓவிய ஆசிரியரையும் ஒதுக்க வேண்டாம். விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கன் கடற்காகக் குஞ்சுகளிடம் தாயின் தலை போலவே ஒரு பொம்மையும், மூன்று வெள்ளை வளையம் போட்ட சிவப்புக் குச்சியும் நீட்டினார். குஞ்சுகள் குச்சியைத்தான் அதிகம் கொத்தின! மிகை நிஜத்தையே பின்னுக்குத் தள்ளிவிடலாம். எதைப் பெரிதாக்குகிறோம் என்பதுதான் விஷயம். வாய்க்கோடு நல்ல தேர்வு, நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகை மட்டும் பெரிதாக்காதீர்கள், இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். அப்புறம், சேறு இருந்தால் சாக்ஸ் அம்பேல்.

ஏரிக்கரை டீச்சர்:
சேறு! நேற்று அதுதான் நடந்தது. "சாக்ஸ் இல்லை, இது வேற" என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள். அலகைப் பார் என்றேன், கேட்கவில்லை. இனி ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் சேற்றில் நிற்கும் புகைப்படம் ஒன்றையும் ஒட்டப் போகிறேன். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் அந்தக் கொக்கே எழுந்து பறந்தது. பின்னால் இரண்டு மஞ்சள் பாதங்கள்.