மென்பொருள் பொறியியல் பட்டம்: முதலாம் ஆண்டுப் பாடங்களில் சிக்கி நிற்கிறோம்

வணக்கம். இலங்கையில் ஒரு பொறியியல் பீடத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். மென்பொருள் பொறியியலில் நான்கு வருட சிறப்புப் பட்டம் தொடங்க 2 வருடமாக முயல்கிறோம். முன்மொழிவு பல்கலைக்கழக மூதவையிலிருந்து (செனட்) இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. கடைசிப் பிரதியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: "இது கணினிப் பொறியியலிலிருந்து எங்கே வேறுபடுகிறது?"

ஐஇஇஇ, ஏசிஎம் என்ற சர்வதேசத் தொழில்முறை அமைப்புகள் இணைந்து வெளியிட்ட 2014 பாடத்திட்ட வழிகாட்டியை வைத்து, தேவைப் பகுப்பாய்வு, வடிவமைப்பு, சரிபார்ப்பு, தர மேலாண்மை என ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம் போட்டோம். இறுதி ஆண்டுத் திட்டத்தை முழு வருடத்துக்கு நீட்டினோம். அதற்கு எதிர்ப்பில்லை.

இடிப்பது முதலாம் ஆண்டில்தான். பீடத்தின் எல்லாத் துறைகளுக்கும் அது பொது: வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொறியியல் வரைதல். அவற்றை வைத்துக்கொண்டால் தனிநிலைக் கணிதத்துக்கும் (தருக்கம், கணங்கள், வரைபுகள் போன்றவை) நிரலாக்கத்துக்கும் இடமில்லை. எடுத்துவிட்டால் வாஷிங்டன் உடன்படிக்கையின் (பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தம்) கீழான அங்கீகாரம் கிடைக்காது என்று மூத்தவர்கள் அஞ்சுகிறார்கள். வரைதலை மட்டும் எடுத்துப் பார்த்தோம், ஒரு பாடத்துக்குத்தான் இடம் வந்தது. வெப்ப இயக்கவியலை விருப்பப் பாடமாக்கக் கேட்டோம், அந்தத் துறை மறுத்துவிட்டது. பிள்ளைகள் முதல் வருடத்திலேயே தனிநிலைக் கணிதம் படிக்காமல் இரண்டாம் வருடத்தில் தரவுக் கட்டமைப்புக்கு வந்து திணறுவதை நான் வகுப்பில் பார்க்கிறேன். அதனால் விட்டுக்கொடுக்க மனமில்லை.

அடுத்த மூதவைக் கூட்டத்துக்கு ஆறு வாரமே உண்டு.

பொறியியல் பீடத்துக்குள் மென்பொருள் பொறியியல் பட்டம் நடத்தி அங்கீகாரமும் பெற்றவர்கள் இருந்தால்: பொது முதலாம் ஆண்டில் எந்தப் பாடங்களை விட்டீர்கள், மதிப்பீட்டுக் குழுவிடம் அதை எப்படி நியாயப்படுத்தினீர்கள்?