கங்க்ஸ் ஏறப் பழைய கைடுபுக் போதுமா, புதுசு வாங்கணுமா?

எடிசன்_குமரன்:

வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ஜிம்மில் ஏறிப் பழகிவிட்டு, வருகிற மே மாதம் முதல்முறையாக நியூயார்க் மாநிலத்தில் நியூ பால்ட்ஸ் பக்கம் கங்க்ஸ் (முழுப்பெயர் ஷவான்கங்க்) பாறைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். லீட், அதாவது கயிற்றோடு முதலில் ஏறப்போவது என் நண்பர், பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். நான் பின்னால் ஏறி, அவர் பாறை வெடிப்பில் செருகி வைத்த நட், கேம் என்கிற பிடிப்புக் கருவிகளைக் கழற்றிக்கொண்டு வருகிற ஆள்தான். ஆனால் எந்த ரூட், எங்கே ஆரம்பம், எப்படி இறங்குவது என்று படித்து வைக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், ஆபீசில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் டிக் வில்லியம்ஸ் எழுதிய 1980 கைடுபுக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அட்டை நைந்து, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ஒரு ராத்திரி உட்கார்ந்து அதை மவுன்டன் ப்ராஜெக்ட் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் தலை சுற்றிவிட்டது. சில ரூட்டுக்கு கிரேடு, அதாவது எவ்வளவு கஷ்டம் என்கிற எண், மாறுகிறது. எங்கே நின்று பெலே செய்வது, அதாவது ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பது, என்பதும் மாறுகிறது. ஸ்கைடாப் என்று புத்தகத்தில் ஒரு முழுப் பகுதி இருக்கிறது, இப்போது அங்கே போய் வந்ததாக யாரும் எழுதவே காணோம். இதே ஆசிரியர் 2004-இல் சாம்பல் நிற அட்டையில் இன்னொன்று போட்டிருக்கிறாராம். அதை வாங்கலாமா, போன் போதுமா, இல்லை இந்தப் பழசையே வைத்துச் சமாளிக்கலாமா?

பாறைப்பல்லி:

குமரன், முதலில் ஸ்கைடாப்பை மறந்துவிடுங்கள். அது மோஹாங்க் மவுன்டன் ஹவுஸ் ஓட்டலின் நிலம். இப்போது அங்கே ராத்தங்கும் விருந்தாளிகள், அதுவும் கைடு ஒருவரோடு மட்டும்தான் ஏற முடியும். ஜான் ஸ்டானர்ட் 1967-இல் கயிற்றைப் பிடித்துத் தொங்காமல் ஏறிக் காட்டிய ஃபூப்ஸ், ஸ்டீவ் வுன்ச் 1974-இல் ஏறிய சூப்பர்க்ராக் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. படித்து ஏங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நீங்கள் போக வேண்டியது கங்க்ஸிலேயே இருக்கிற ட்ராப்ஸ் பாறை. அது மோஹாங்க் ப்ரிசர்வ் என்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கிறது, நாள் கட்டணம் கட்டிவிட்டு யாரும் ஏறலாம். அங்கேயும் வசந்த காலத்தில் பெரிகிரின் வல்லூறு கூடு கட்டுகிற இடங்களை மூடிவிடுவார்கள். நீங்கள் போவது மே மாதம், அதனால் கிளம்புவதற்கு முன்தினம் எது மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை எந்தப் புத்தகமும் சொல்லாது, புதுசும் சொல்லாது.

அப்புறம் இறங்குகிற விஷயம். என் கதையைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நானும் ஒரு காலத்தில் கடன் வாங்கின பழைய கைடோடு போனவன்தான். மேலே ஏறி முடித்தாகிவிட்டது, அக்டோபர் மாதம், ஐந்தரைக்கே வெளிச்சம் மங்குகிறது. புத்தகத்தில் ஒரு பைன் மரத்தில் கயிறு போட்டு ராப்பெல் செய்யச் சொல்லியிருந்தது, அதாவது கயிற்றில் சறுக்கி இறங்க. அரை மணி நேரம் விளிம்போரமாகத் தேடினேன். கடைசியில் கிடைத்தது முழங்கால் உயரத்தில் ஒரு மொட்டைக் கட்டை, அதைச் சுற்றி வெயிலில் வெளுத்து விறைத்துப்போன நாலு ஸ்லிங் நாடா. மரம் போய் எத்தனை வருடமோ. பத்தடி தள்ளி ப்ரிசர்வ் போட்ட இரண்டு போல்டும் வளையமும் பளபளவென்று இருந்தன, நான் மரத்தையே தேடிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவே இல்லை. இறங்கி வந்து என் பார்ட்னர் வாயைத் திறக்கவில்லை, அது திட்டுவதைவிட மோசம்.

அதனால் ஏறுவதற்கு எந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், இறங்குவதற்குப் புதிய தகவல் மட்டும்.

பழம்பஞ்சாங்கம்:

என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும். பல்லி சொன்ன ராப்பெல் விஷயம் நூற்றுக்கு நூறு சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் கிரேடு மாறுகிறது என்றவுடன் பழசு தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி.

கங்க்ஸை ஃப்ரிட்ஸ் வீஸ்னர் 1935-இல் கண்டுபிடித்து ஏற ஆரம்பித்தார். ஹை எக்ஸ்போஷர் என்று ஒரு ரூட், 1941-இல் அவரும் ஹான்ஸ் க்ராஸும் ஏறியது, இன்றைக்கும் கிரேடு 5.6. ஜிம்மில் 5.6 என்றால் ஏணிப்படி. இங்கே நடு விளிம்பு வரை ஏறி அங்கே நின்று பெலே செய்துவிட்டு, தலைக்கு மேலே துருத்தி நிற்கிற பாறைக்கு அடியிலிருந்து வெறும் ஆகாயத்துக்குள் வெளியே வர வேண்டும். கைப்பிடி என்னவோ பூரிக்கட்டை மாதிரி பெரிசுதான், ஆனால் கைக்குத் தெரியும் வரை கண்ணுக்குத் தெரியாது. எண் மாறவில்லை, அந்த எண்ணைப் படிக்கிற நாம்தான் மாறிவிட்டோம். அந்தக் காலத்தில் அளவுகோல் 5.9-ஓடு முடிந்துவிடும், அதற்கு மேல் எண்ணே கிடையாது. அதனால் கஷ்டமானதை எல்லாம் 5.8, 5.9-க்குள் அடைத்து வைத்தார்கள். பழைய 5.8-ஐப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஷாக்லீஸ் சீலிங் என்று ஒன்று இருக்கிறது, 1953-இல் ஏறியவர் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி. அந்தக் கூரையும் 5.6-தான், முதல்முறை போகிறவர்கள் கீழே நின்று எண்ணை இரண்டாம் தடவை சரிபார்ப்பார்கள்.

பழைய புத்தகத்தின் அருமை எனக்கு என்னவென்றால், அது வாக்கியமாகச் சொல்கிறது. இந்த ரூட்டுக்கு வலப்பக்கம் முப்பதடி, இடப்பக்கம் பார்த்த மூலை, அதற்கு மேல் சின்ன ஓவர்ஹேங் என்று. அதைப் படித்துவிட்டு நீங்கள் பாறையைப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. போனில் போட்டோ மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கும், பாதிப் பேர் பாறைக்கு முதுகைக் காட்டி நின்று திரையில் கோட்டைத் தேடுகிறார்கள்.

இதிலும் ஒரு வம்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அடிக்கணக்கில் ஒன்றிலிருந்து ஒன்று அளந்து சொல்வதால், ஒரு ரூட்டைத் தப்பாக அடையாளம் பிடித்தால் அதற்கப்புறம் வருகிறது எல்லாமே தப்பு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்ட கதை. இன்னொன்று, பழசில் பிட்டானைத்தான், அதாவது பாறை வெடிப்பில் அடித்து இறக்குகிற இரும்பு ஆணியைத்தான், அடையாளமாகச் சொல்வார்கள், பிட்டானைத் தாண்டி வலது பக்கம் என்பது மாதிரி. எழுபதுகளில் ஸ்டானர்ட் போன்றவர்கள் பிட்டான் அடிப்பதை விட்டு நட்டுக்கு மாறச் சொல்லி எல்லாரையும் மாற்றினார்கள். அன்றைக்கு அடித்ததில் பல இப்போது இல்லை, மிச்சம் இருப்பது துருப்பிடித்து நிற்கிறது. பிட்டானைத் தேடாதீர்கள், கிடைத்தாலும் அதை நம்பித் தொங்காதீர்கள்.

ஈரோட்டுக்காரி:

இரண்டு அண்ணன்களும் நல்லாச் சொன்னீர்கள், ஆனால் குமரன் கேட்டது எதை வாங்குவது என்று. சாம்பல் புத்தகத்தை வாங்குங்கள். புதுப்பிரதி கிடைக்காவிட்டால் நியூ பால்ட்ஸில் ராக் அண்ட் ஸ்னோ கடையில் கேட்டுப் பாருங்கள், 1970-இல் அந்தக் கடையை ஆரம்பித்தவரே வில்லியம்ஸ்தான். ட்ராப்ஸுக்கு மட்டும் 2004 புத்தகம், பக்கத்துப் பாறைகளான நியர் ட்ராப்ஸுக்கும் மில்புரூக்குக்கும் 2008-இல் தனியாக வந்தது. முதல்முறை போகிறவருக்கு ட்ராப்ஸ் ஒன்றே ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

ஏன் அது என்றால், கிரேடோடு ஜி, பி.ஜி., ஆர், எக்ஸ் என்று எழுத்தும் போட்டிருக்கும், சினிமா சர்டிபிகேட் மாதிரி. விழுந்தால் கயிறு பிடித்து நிறுத்துகிற மாதிரி நட்டோ கேமோ வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கான குறி அது. 5.5 ஆர் என்பது உங்கள் நண்பருக்கு 5.8 ஜி-யைவிட ஆபத்து. கிரேடு ஒரு படி ஏறி இறங்குவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதைவிட இந்த எழுத்தைப் பற்றிக் கவலைப்படுவது நல்லது.

மவுன்டன் ப்ராஜெக்டில் கிரேடு என்பது வந்து போனவர்கள் போட்ட ஓட்டு. பின்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஏறினவரும் ஓட்டுப் போடுவார், மழைக்கு மறுநாள் போனவரும் போடுவார். நான் அதில் கமென்ட் மட்டும்தான் படிப்பேன், அதுவும் கடைசி இரண்டு வருடத்துக் கமென்ட். கயிறு கட்டுகிற எந்த ஆங்கர் ஆடுகிறது, எங்கே கல் விழுந்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஒரேயடியாக அதையே நம்ப வேண்டாம், குளிரில் போன் பேட்டரி பத்து மணிக்கே படுத்துவிடும்.

அந்தப் பெரியவரின் பென்சில் குறிப்பில் என்ன இருக்கிறது? எனக்கு அதுதான் ஆர்வமாக இருக்கிறது.

எடிசன்_குமரன்:

அக்கா, நீங்கள் கேட்டதும் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் தேதியும் கூட ஏறினவர் பெயரின் முதல் எழுத்தும். ஒரு இடத்தில் "மதியத்துக்கு மேல் நிழல்", இன்னொரு இடத்தில் "இரண்டு நாள் ஆனாலும் காயாது". ஒரு ரூட்டில் பிட்ச் பிரிப்பை, அதாவது ஒரு பெலேயிலிருந்து அடுத்த பெலே வரை ஏறுகிற துண்டுகளை, அடித்துத் திருத்தி, "கயிறு பத்தவில்லை" என்று எழுதியிருக்கிறார். இதற்கு என்ன அர்த்தம்? எங்களிடம் இருப்பது 60 மீட்டர் கயிறு.

பழம்பஞ்சாங்கம்:

அப்போது பெரும்பாலும் 45, 50 மீட்டர் கயிறுதான், தம்பி. பெலே நிற்கும் இடங்களை அதற்கேற்ற மாதிரி பிரித்திருப்பார்கள். உங்கள் 60-இல் இரண்டு பிட்சை ஒன்றாக்கவும் முடியும். ஆனால் முதல்முறை வேண்டாம். வளைந்து வளைந்து போகிற ரூட்டில் கயிறு உரசி இழுக்கவே முடியாது, நீங்கள் கீழே இருந்து கத்துவதும் அவருக்குக் கேட்காது. ஈரம் காயாது என்று எழுதியிருப்பதை அப்படியே நம்புங்கள். அதற்குப் புதுப் பதிப்பு தேவையில்லை.

பேச்சுவாக்கில் இன்னொன்று. ஷவான்கங்க் என்று எழுதினாலும் ஊரில் பழைய ஆட்கள் ஷாங்கம் என்பார்கள். கிட்டத்தட்ட நம்ம சங்கம்தான்.

எடிசன்_குமரன்:

சங்கத்தில் சேர்ந்தாச்சு. சாம்பல் புத்தகம் தேடுகிறேன், பழசையும் பையில் போட்டுக்கொள்கிறேன். பல்லி அண்ணா, அந்த மொட்டைக் கட்டை எந்த ரூட்டுக்கு மேலே? குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பாறைப்பல்லி:

மானம் போகும், தனியாகக் கேளுங்கள் சொல்கிறேன். ஹெட்லாம்ப் மட்டும் மறக்காதீர்கள்.