புதுப்பிப்பு: மொட்டைமாடிக் கீரைக் காசு

மாடியில் காய்கறி போட்டு விற்றால் கைச்செலவுக்காவது தேறுமா என்று ஜனவரியில் கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. தேறுகிறது, ஆனால் வெண்டையில் இல்லை. மாவுப்பூச்சி வந்து, வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து அடித்தும் பாதிச் செடி போய்விட்டது. கைகொடுத்தது சிறுகீரைதான். விதைத்த 25 நாளில் வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, வாழைநாரில் கட்டி, வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பிலேயே கட்டு 20 ரூபாய்க்குக் கொடுக்கிறேன், காலை ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். சித்திரை வெயிலுக்குப் பச்சை நிழல்வலை கட்டியே ஆக வேண்டும், அந்தச் செலவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்புறம், ஜிபே கணவர் நம்பரில் இருந்தவரை வந்த காசு மளிகையோடு போனது. இப்போது என் பெயரில் தனிக் கணக்கு. போன மாதம் 1,850 ரூபாய். "எவ்வளவும்மா வருது?" என்று மாமியார் கேட்டார். சொல்லவில்லை.