பையன் ஸ்கூலுக்கு போகமாட்டேங்கான், புகார் குடுக்கவா டிசி வாங்கவா?

நெல்லைஅம்மா:
பையன் ஒன்பதாவது. கொஞ்ச நாளா தினம் காலைல வயித்துவலிங்கான், ஞாயித்துக்கிழமை மட்டும் வலி வரமாட்டேங்கு. நோண்டி நோண்டி கேட்டதுல பிளஸ் ஒன் பயலுவ நாலஞ்சு பேரு இவன் காசுலயே முறுக்கு வாங்கிட்டு வர சொல்லுதானுவளாம், பையை தூக்க சொல்லுதானுவளாம், மாட்டேன்னா "நீங்க என்ன ஆளுங்கல"ன்னு கேட்டு சிரிக்கானுவளாம். அவனுவ கையில எல்லாம் ஒரே கலர் கயிறு. கிளாஸ் சார்ட்ட சொன்னா பசங்கன்னா அப்படித்தான்மாங்காரு. வீட்ல டிசி வாங்கிருவோம்ங்காங்க.

சாக்பீஸ்:
ரிட்டயர்டு வாத்தியார்மா நான். அந்த சாரு சொன்னது தப்பு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில இதே மாதிரிதான், கூட படிச்சவனுவ தொல்லை தாங்காம பையன் ஸ்கூலுக்கு போறத நிறுத்திட்டான், புகார் குடுத்த அன்னிக்கு ராத்திரியே வீடு புகுந்து வெட்டுனானுவ, தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. அப்புறம்தான் நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு, சாதியைக் காட்டுற கலர் கயிறு, மோதிரம், நெத்தி அடையாளம் எல்லாத்துக்கும் தடை கேட்டுச்சு. அதனால வாயால சொல்லாதீங்க, ஹெச்எம்முக்கு எழுத்துல குடுங்க, நகல் சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசுக்கு. பேரு வெளிய போகக்கூடாதுன்னும் எழுதுங்க. 14417 கல்வித்துறை உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், ரெண்டுக்கும் போன் போடுங்க.

அண்ணாநகர்வாசி:
எல்லாத்தையும் சாதியில கொண்டு போய் முட்டாதீங்க சார். எங்க பொண்ணு சென்னைல பிரைவேட் ஸ்கூல், அங்க கயிறும் இல்ல ஒண்ணும் இல்ல, கருப்பா இருக்கான்னு இன்ஸ்டால மீம் போட்டாங்க, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க, லஞ்ச்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. அடி விழுந்தா தழும்பையாவது காட்டலாம், இதுல எதைக் காட்ட?

சாக்பீஸ்:
சாதி மட்டும்னு நான் சொல்லலீங்க. நிறம், மார்க், குண்டு, திக்குவாய், எது கிடைச்சாலும் பிடிச்சுக்குவானுவ. ஆனா சாதின்னா பின்னாடி ஊரே நிக்குங்கற தைரியம் வருது பாருங்க, அதான் வித்தியாசம். ஸ்டாஃப் ரூம்லயே எங்காளு உங்காளுன்னு உக்காந்திருந்தா பயலுவளுக்கு தெரியாதா?

கடைசிபெஞ்ச்:
ஒண்ணு கவனிங்க, நாலு பேரு பண்றான், நாப்பது பேரு பாக்குறான். அந்த நாப்பது பேரு சிரிக்கலேன்னா பாதி அடங்கிரும். பின்லாந்துல கிவான்னு ஒரு திட்டம், வேடிக்கை பாக்குற பசங்களைத்தான் முக்கியமா பழக்குறாங்க. அக்கா, பையனுக்கு கிளாஸ்ல ஒரு பிரண்டாவது இருக்கானா? இருந்தா இன்டர்வல்ல ரெண்டு பேரும் சேர்ந்தே போகச் சொல்லுங்க, தனியா மாட்டுறவனைத்தான் கூப்பிடுவானுவ.

நெல்லைஅம்மா:
ஒருத்தன் இருக்கான், பக்கத்து தெருதான், அவங்கம்மாட்டயும் பேசுதேன். திங்கக்கிழமை எழுதிக் குடுக்கப் போறோம். ஹெச்எம் வாங்க மாட்டேன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பலாமா சார்?