பிளான்டர் என்பதற்கு என்ன சொல் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. ஜோசப் எமரி டேவிஸ் (1784–1870) வாழ்க்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் அண்ணன். விக்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே மிசிசிப்பி ஆற்று வளைவில் 'ஹரிகேன்' என்ற பருத்தித் தோட்டம், அதில் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள்.

இப்படி அடிமைகளை வைத்துப் பெருந்தோட்டம் நடத்தியவரை ஆங்கிலத்தில் 'பிளான்டர்' (planter) என்பார்கள். இதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? 'விவசாயி' பச்சைப் பொய். 'பண்ணையார்' என்றால் நம்மூர் ஆள் வந்து நிற்கிறார். 'தோட்டத்துரை' என்றால் வாசகருக்குத் தேயிலையும் வெள்ளைக்காரத் துரையும்தான் நினைவுக்கு வரும். மனிதரை விற்று வாங்கியது எந்தச் சொல்லிலும் இல்லை. 'அடிமை உடைமையாளர்' என்றே போட்டுவிடலாமா?

டேவிஸ், குற்றம் சாட்டப்பட்ட அடிமைகளை அடிமைகளே விசாரிக்கும் நடுவர் குழுவெல்லாம் வைத்தவர். 'நல்ல எஜமான்' என்ற பூச்சு என் எழுத்தில் வந்துவிடக்கூடாது. அவரிடம் அடிமையாக இருந்த பெஞ்சமின் மான்ட்கோமரி கப்பலுக்கு உந்துவிசிறி வடிவமைத்தார். அடிமை குடிமகன் அல்ல என்று காப்புரிமை மறுத்தார்கள். அதே மான்ட்கோமரி 1866-இல் அந்தத் தோட்டத்தையே 3,00,000 டாலருக்குக் கடனில் வாங்கினார்! அவர் மகன் ஐசாயா 1887-இல் மவுண்ட் பேயூ என்ற கறுப்பினத்தவர் ஊரை நிறுவியவர்களில் ஒருவர். எனக்கு முக்கியம் இவர்கள்தான்.

மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் சொல்லுங்கள். மிசிசிப்பி ஆவணக் காப்பகத்தில் தேடிய அனுபவம் யாருக்காவது இருந்தால், அடிமைகளின் பெயர்ப் பட்டியலை எங்கே தொடங்கித் தேடுவது என்றும் வழிகாட்டுங்கள்.