4யூ சர்வர் கேஸில் ஆறு கார்டு: பொருத்தியவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஆறு ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டுகளை ஒரு 4யூ சர்வர் கேஸில் (ரேக்கில் வைக்கும் தட்டையான கணினிப் பெட்டி) பொருத்தி, ரேவன்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்யப் போகிறேன். திறந்த ஃப்ரேம் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தூசியும் அதிகம்.

கேஸின் உயரம் சுமார் 178 மி.மீ. தான். ரைசரோடு (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் இணைப்பு) கார்டை நிமிர்த்தி வைத்தால் மேலே பவர் கேபிள் வளைய இடம் இருக்குமா என்பதுதான் என் பெரிய கவலை. குறுக்கே ஒரு அலுமினியச் சட்டம் போட்டு அதில் கார்டுகளைத் திருகலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கார்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? ஒவ்வொன்றும் 220 வாட் வரை இழுக்கும். முன்பக்கம் மூன்று 120 மி.மீ. ஃபேன் போதுமா?

ரைசருக்கு மின்சாரம் தர சாட்டா கேபிள் (ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பவர் கேபிள்) கொடுக்க மாட்டேன். அது 54 வாட்தான் தாங்கும், கார்டோ ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்கும். அப்புறம், உங்கள் கேஸின் உள்பக்கப் படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.