1976-இல் போனவரை வைத்து லெபனானை அளக்கலாமா?

மேசைவிளக்கு:
தேவதாரு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இன்றைக்கு லெபனான் இலக்கியம் என்று ஒன்று இருந்தால் அது பாரீஸிலும் லண்டனிலும்தான் இருக்கிறதாம், ஊருக்குள் மிச்சம் இருப்பவர்கள் வெறும் பத்திரிகைக்காரர்களாம். அதற்கு பிரெஞ்சில் எழுதும் லெபனான் நாவலாசிரியர் அமீன் மாலூஃப் சாட்சியாம். 1993-இல் பிரான்ஸின் கோன்கூர் இலக்கியப் பரிசு, 2011-இல் பிரெஞ்சு அகாதமி, 2023-இல் அதன் நிரந்தரச் செயலாளர். எல்லாம் சரி. ஆனால் அவர் 1976-இல் பெய்ரூட்டை விட்டு ஓடிப்போனவர். லெபனான் உள்நாட்டுப் போர் 1975-இல் தொடங்கி 1990 வரை நடந்தது. பதினைந்து வருடப் போரில் ஒரு வருடம் இருந்தவரை வைத்து அந்த ஊரின் எழுத்தை அளப்பது என்ன நியாயம்?

எலியாஸ் கூரி பெயர்கூட உங்கள் பதிவில் இல்லை. பெய்ரூட்டில் பிறந்து, 2024 செப்டம்பரில் பெய்ரூட்டிலேயே இறந்தவர். பாலஸ்தீன அகதிகளிடம் வருடக்கணக்கில் கதை கேட்டு 1998-இல் 'பாப் அல் ஷம்ஸ்' நாவலை எழுதினார். அன் நஹார் நாளிதழின் இலக்கிய இணைப்பை 1992 முதல் 2009 வரை நடத்தினார். இவரும் வெறும் பத்திரிகைக்காரர்தானா?

தேவதாரு:
எலியாஸ் கூரியை நான் விட்டது தவறு என்றால் அதைச் சொல்லுங்கள். ஆனால் 'ஓடிப்போனவர்' என்ற வார்த்தையை முதலில் திரும்ப எடுங்கள். 1975 ஏப்ரல் 13 அன்று பெய்ரூட்டின் ஐன் எல் ரும்மானே பகுதியில் பேருந்தில் வந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்களே, அதிலிருந்துதான் போர் மூண்டது. அதைத் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர் மாலூஃப். அப்போது அவர் அதே அன் நஹாரில் நிருபர். வீட்டு வாசலில் பிணம் விழுந்த பிறகும் ஒரு வருடம் இருந்துவிட்டுத்தான் குடும்பத்தைக் காப்பாற்றக் கிளம்பினார். அதை ஓட்டம் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

மேசைவிளக்கு:
1976. அந்த ஒரு எண்ணுக்குப் பதில் சொல்லுங்கள். ஜன்னல் கதை எனக்கும் தெரியும். அதே தெருக்களில் ஜன்னலை மூடிவிட்டு 1990 வரை உட்கார்ந்து எழுதியவர்களும் உண்டு. எமிலி நஸ்ரல்லாஹ்வை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே ஹெர்மோன் மலையடிவாரத்துப் பெண். ஊரே அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறுவதைப் பார்த்து வளர்ந்தவர். 1962-இல் வந்த அவருடைய முதல் நாவலே அதைப் பற்றியதுதான். போனவர்களைப் பற்றி எழுதியவர், தான் போகவில்லை. குண்டு விழுந்த காலத்திலும் பெய்ரூட்டிலேயே இருந்து 2018-இல் அங்கேயே இறந்தார். அவர் பெயர் நம் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பழையபுத்தகம்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். யாரை லெபனான் எழுத்தாளர் என்கிறீர்கள்? அங்கே பிறந்தவரையா, அரபியில் எழுதுபவரையா, அங்கே வாழ்பவரையா? எதெல் அத்னான் பெய்ரூட்டில் பிறந்தார். அம்மா கிரேக்கர், அப்பா சிரியாக்காரர். எழுதியது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். 2021-இல் இறந்தது பாரீஸில். அவர் உங்கள் இருவரில் யார் கணக்கில் வருவார்? இதை முடிவு செய்யாமல் வருடம் எண்ணி என்ன பயன்?

இன்னொன்று. தேவதாரு தன் பதிவில் 'கலீல் ஜிப்ரான்' என்று எழுதியிருக்கிறார். அவர் பெயர் ஜிப்ரான் கலீல் ஜிப்ரான். கலீல் என்பது அப்பா பெயர். பாஸ்டன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது முன்னால் இருந்த பெயரை வெட்டிவிட்டார்கள். அந்தத் தவறையே நாம் தமிழிலும் சுமக்கிறோம்.

தேவதாரு:
தமிழில் பல பத்து வருடங்களாகக் கலீல் ஜிப்ரான் என்றுதான் படிக்கிறோம். இப்போது மாற்றினால் யாருக்குப் புரியும்? போன மாதம் துருக்கி நாவல் பற்றிப் பேசியபோதும் நீங்கள் எழுத்துப்பிழையை மட்டும்தான் பிடித்தீர்கள். எழுதியது எதையும் படிக்கவில்லை.

பழையபுத்தகம்:
படித்ததால்தான் பிழை கண்ணில் பட்டது. ஒரு மனிதரின் பெயரைச் சரியாகச் சொல்வது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

மேசைவிளக்கு:
ஜிப்ரான் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1920-இல் நியூயார்க்கில் அவரோடு எழுதுகோல் சங்கத்தில் இருந்த மிகாயீல் நுஐமி 1932-இல் ஊர் திரும்பினார். பிஸ்கிந்தா மலைக்கிராமத்தில் தோட்டமும் புத்தகமுமாக இருந்து 1988-இல்தான் இறந்தார். திரும்பி வர முடியும் என்பதற்கு அவரே சாட்சி. 1976-இல் போனவர், போர் முடிந்த பிறகாவது வந்து தங்கினாரா?

தேவதாரு:
திரும்பி வரச் சொல்கிறீர்களே, வந்தவர்களுக்கு என்ன நடந்தது? சலீம் அல் லவ்ஸி தன் அல் ஹவாதித் பத்திரிகையை லண்டனுக்குக் கொண்டுபோய் நடத்தினார். 1980 பிப்ரவரியில் அம்மாவின் இறுதிச் சடங்குக்காக பெய்ரூட் வந்தார். விமான நிலையச் சாலையில் கடத்தினார்கள். சில நாள் கழித்துப் பிணம் கிடைத்தது. எழுதிய வலது கையைச் சிதைத்திருந்தார்கள். ஜுப்ரான் துவைனி, அன் நஹாரின் வெளியீட்டாளர், உயிருக்கு ஆபத்து என்று பாரீஸில் இருந்தார். 2005 டிசம்பரில் திரும்பினார். மறுநாள், 12-ஆம் தேதி, கார் குண்டு. இப்போது சொல்லுங்கள், யார் ஓடினார்கள், யார் பிழைத்தார்கள்?

மேசைவிளக்கு:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! லவ்ஸி வந்தார், துவைனி வந்தார். ஆபத்து தெரிந்தே வந்தார்கள். அதே 2005 ஜூன் 2 அன்று அன் நஹார் பத்தி எழுத்தாளர் சமீர் கசீரை பெய்ரூட்டின் அஷ்ரஃபியேயில் அவர் காரிலேயே கொன்றார்கள். செப்டம்பரில் தொலைக்காட்சிச் செய்தியாளர் மே ஷித்யாக் குண்டில் இடது கையையும் இடது காலையும் இழந்தார். அதற்குப் பிறகும் திரையில் வந்து உட்கார்ந்தார். 1966-இல் அல் ஹயாத் நாளிதழ் ஆசிரியர் காமில் முருவ்வாவை அலுவலகத்திலேயே சுட்டார்கள். 2021-இல் எழுத்தாளர், பதிப்பாளர் லுக்மான் ஸ்லீமைக் கொன்றார்கள். 2023 அக்டோபர் 13 அன்று தெற்கு எல்லையில் ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் இஸாம் அப்துல்லா இஸ்ரேலிய டாங்கிக் குண்டில் செத்தார். பெய்ரூட்டில் மே 6 பத்திரிகைத் தியாகிகள் நாள். 1916-இல் ஒட்டோமான் துருக்கி ஆட்சியின் ஜமால் பாஷா தூக்கில் போட்டவர்களில் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள், அந்த நினைவுக்காக. நூறு வருடத்துக்கு மேல் இப்படிச் செத்தவர்களைத்தான் நீங்கள் 'வெறும் பத்திரிகைக்காரர்கள்' என்று ஒரு வரியில் தள்ளினீர்கள். எனக்கு வயிறு எரிந்தது அந்த 'வெறும்' என்ற சொல்லால்தான்.

நான் ஒரு நாளிதழில் பதினெட்டு வருடம் மெய்ப்பு பார்த்தவன். இரவு இரண்டு மணிக்குக் கடைசிப் பக்கம் போகும். அந்த வேலையை யாரும் வெறும் வேலை என்று சொன்னால் விடமாட்டேன்.

வடகடல்:
இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். மேசைவிளக்கு அண்ணை, நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1990-களில் வெளிக்கிட்டவள். 'ஓடிப்போனவர்' என்ற சொல்லை நீங்கள் மாலூஃபுக்குத்தான் எழுதினீர்கள், ஆனால் அது எங்களுக்கும்தான் படுகிறது. ஊரில் இருந்தவர்களின் எழுத்துத்தான் உண்மையானது, வெளிநாட்டில் இருந்து எழுதுவது கணக்கில் இல்லை என்று முப்பது வருடமாகக் கேட்கிறோம். லெபனான் நாவலாசிரியர் ஹுதா பரக்காத் 1989-இல் பாரீஸ் போனவர். இன்றைக்கும் அரபியில்தான் எழுதுகிறார். 2019-இல் அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. அவரையும் ஓடிப்போனவர் என்பீர்களா?

மேசைவிளக்கு:
தங்கச்சி, உங்களைச் சொல்லவில்லை. ஈழத்தை இதற்குள் கொண்டுவராதீர்கள், அது வேறு. பரக்காத் 1989-இல் போனார், 1976-இல் அல்ல. பதினான்கு வருடம் இருந்து பார்த்துவிட்டுப் போனார். நான் சொல்வதும் அந்த வித்தியாசத்தைத்தான்.

வடகடல்:
என்ன வேறு? எத்தனை வருடம் குண்டுக்குள் இருந்தால் போக அனுமதி என்று நீங்கள் அளந்து தருவீர்களா? ஒன்றா, ஐந்தா, பதினான்கா? நீங்கள் இருந்த ஊரில் ஒருநாளாவது பதுங்குகுழி வெட்டியிருக்கிறீர்களா?

தேவதாரு:
இதைத்தான் நானும் கேட்டேன். பதில் வரவில்லை.

மேசைவிளக்கு:
நான் பதுங்குகுழி வெட்டவில்லை. அதனால்தான் வெட்டியவர்கள் பக்கம் நின்று பேசுகிறேன். இருந்தவர்களின் நிலைமையைப் பாருங்கள். 1974-இல் தலால் சல்மான் தொடங்கிய அஸ் சஃபீர் நாளிதழ் 2017 தொடக்கத்தில் நின்றுபோனது. 1952-இல் தொடங்கிய ஆங்கில நாளிதழ் டெய்லி ஸ்டார் 2021-இல் மூடப்பட்டது. டாலருக்கு 1,500 லிரா இருந்த இடத்தில் இன்று 89,000-க்கு மேல். லிராவில் சம்பளம் வாங்கியவருக்கு அது சம்பளமே இல்லை. 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பில் அன் நஹார் கட்டடம் நொறுங்கியது. அதற்குள்ளிருந்தும் பத்திரிகை வந்தது. அந்த ஆட்களுக்கு அகாதமி நாற்காலி யாரும் போடவில்லை.

பழையபுத்தகம்:
எகிப்தின் அல் அஹ்ராம் நாளிதழை 1875-இல் தொடங்கியதே அங்கே போன லெபனான் சகோதரர்கள்தானே, தக்லா குடும்பம். பெய்ரூட்டில் பிறந்த ஜுர்ஜி ஸைதான் 1892-இல் கெய்ரோவில் அல் ஹிலால் இதழைத் தொடங்கினார். போனவர்கள் இல்லாமல் அரபுப் பத்திரிகையே இல்லை. இதற்கும் வருடக் கணக்கா?

மேசைவிளக்கு:
19-ஆம் நூற்றாண்டை இழுத்துத் தப்பிக்காதீர்கள்.

தேவதாரு:
1916-ஐ இழுத்தது யார்?

எலியாஸ் கூரியும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்தான். அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

மேசைவிளக்கு:
வருடத்தில் சில மாதம். பிறகு வீடு திரும்பினார். திரும்பினார் என்பதுதான் விஷயம். 1976-க்கு இன்னும் பதில் இல்லை.

வடகடல்:
எனக்கும் பதில் இல்லை, எத்தனை வருடம் என்று. நான் நாளைக்கு வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்.

தேவதாரு:
அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கும்வரை நான் வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

மேசைவிளக்கு:
'வெறும்' என்பதை நீங்கள் முதலில் எடுங்கள்.

பழையபுத்தகம்:
ஜிப்ரான் கலீல் ஜிப்ரான். பதிவில் இன்னும் திருத்தவில்லை.